தீ வைத்தவன் கண்காட்சிக்கு வருவானா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாடுகள் தனித்தனி அரங்கு வைக்கும் உலகக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியெனாலேவில், ஜெர்மனி அரங்கின் பளிங்குத் தரையை ஒரு கலைஞர் உடைத்துப் போட்டிருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். தேசியவெறிக்கும் குடியேறிகள் மீதான வன்முறைக்கும் எதிரான கலை அது என்று கீழே எழுதியிருந்தது. ‘அகதி விடுதிக்குத் தீ வைக்கிறவன் கண்காட்சிக்கு வரப்போவதில்லை. வருகிறவர்களோ ஏற்கெனவே இதையெல்லாம் ஒப்புக்கொண்டவர்கள். அப்படியானால் இது யாருக்கு?’ என்பது உங்கள் கேள்வி. ‘இதெல்லாம் கலையா?’ என்ற சலிப்பும் அதில் கொஞ்சம் தெரிகிறது. அதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் சொன்னாலும் எதுவும் தெளிவாகப் போவதில்லை. ‘யாருக்கு?’ என்பதுதான் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி.

நான் கலை வரலாறு படித்தவன். ஜெர்மனியில் கண்காட்சிக்கு வருகிறவர்களைக் குழுக்குழுவாக அழைத்துப்போய் விளக்கிச் சொல்லும் வேலையைப் பல வருடம் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், கம்பெனி அனுப்பிவைத்த ஊழியர்கள் என்று எல்லா வகையினரும் வருவார்கள். உங்கள் கேள்வியை யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். குற்றவியலோ தேர்தல் ஆய்வோ என் துறை இல்லை. அதனால் கலை வன்முறையைக் குறைக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி அடித்துச் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. எனக்குத் தெரிந்தவரை, இந்த வகைப் படைப்புகளில் உருப்படியானவை தீ வைத்தவனிடம் பேசவே இல்லை. சுற்றி நின்று கைதட்டியவர்கள், பின்வாங்கிய போலீஸ், அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், செத்தவர் மேலேயே சந்தேகத்தைத் திருப்பிய பத்திரிகை, இவர்களோடுதான் அவற்றின் பேச்சு. இவர்களில் நிறையப் பேர் கண்காட்சிக்கு வருகிறவர்கள்தான்.

அந்தக் காலத்தைச் சொல்லாமல் அந்தத் தரை புரியாது. 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அடுத்த வருடம் செப்டம்பரில் கிழக்கே ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊரில், வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அகதிகளும் இருந்த விடுதிகளைக் கும்பல் நாள்கணக்கில் தாக்கியது. கடைசியில் தாக்கப்பட்டவர்களைத்தான் பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். 1992 ஆகஸ்ட்டில் ரோஸ்டாக் நகரத்தின் லிஷ்டன்ஹாகன் பகுதி. பக்கச் சுவரில் பெரிய சூரியகாந்திப் பூக்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடம் அங்கே உண்டு. அதில் அகதிகள் பதிவு மையம் இருந்தது. அடுத்த வாசலில், கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஒப்பந்தக் கூலிக்கு அழைத்துவரப்பட்ட வியட்நாமியர் விடுதி. மையம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள், பெரும்பாலும் ருமேனியாவின் ரோமா மக்கள், வாரக்கணக்கில் வெளியே புல்தரையில் கிடந்தார்கள். நிர்வாகம் அப்படியே விட்டுவைத்தது. 22ஆம் தேதி கல்லெறி தொடங்கியது. 24ஆம் தேதி பகலில் அகதிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்று இரவு போலீஸ் விலகிக்கொள்ள, கும்பல் வியட்நாமியர் விடுதிக்குத் தீ வைத்தது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியரும் ஒரு தொலைக்காட்சிக் குழுவும் மாட்டிக்கொண்டார்கள். மொட்டைமாடிக் கதவை உடைத்துப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்த் தப்பினார்கள். கீழே ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தின்பண்டக் கடையில் வியாபாரமும் நடந்தது.

அதே வருடம் நவம்பரில், மேற்கே மோல்ன் என்ற சிற்றூரில் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்குத் தீ வைத்ததில் ஒரு பாட்டியும் இரண்டு சிறுமிகளும் செத்தார்கள். இரங்கல் நிகழ்ச்சிக்குச் சான்ஸ்லர் கோல் ஏன் போகவில்லை என்று கேட்டபோது, அவருடைய செய்தித் தொடர்பாளர் ‘இரங்கல் சுற்றுலா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்தச் சொல் இன்றுவரை கோல் அரசின் பெயரைத் துரத்துகிறது. அந்த வருடம் மட்டும் சுமார் 4,38,000 பேர் ஜெர்மனியில் புகலிடம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். ‘படகு நிரம்பிவிட்டது’ என்ற பேச்சு தெருமுனையில் மட்டும் இல்லை, மரியாதையான இடங்களிலும் ஓடியது. 1993 மே 26 அன்று நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தின் புகலிட உரிமையைச் சுருக்கித் திருத்தியது. மூன்று நாள் கழித்து, மே 29 அதிகாலையில், சோலிங்கன் நகரத்தில் கென்ச் என்ற துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஐந்து பேர் செத்தார்கள், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். கடைக்குட்டிக்கு நான்கு வயது. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து மேற்கு ஜெர்மனியின் அகதி விடுதிகளில் வைக்கப்பட்ட ஈழத் தமிழர்களும் இந்த வருடங்களை அங்கேதான் கழித்தார்கள். அந்தத் தலைமுறையில் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட அவர்கள் சொல்வது கூர்மையாக இருக்கும்.

சோலிங்கனுக்கு இரண்டு வாரம் கழித்து வெனிஸ் பியெனாலே திறந்தது. கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே, 1936இல் கொலோனில் பிறந்தவர், 1960களிலிருந்து நியூயார்க்வாசி. அந்த வருடம் ஜெர்மனி சார்பில் அழைக்கப்பட்டவர்கள் அவரும் கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக்கும். தேர்வாளர் வேண்டுமென்றே செய்த தேர்வு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனி அரங்கு 1938இல் நாஜி அரசு தன் பாணியில் மாற்றிக் கட்டியது. உயரமான தூண்கள், பளிங்குத் தரை. நுழைவாயிலை அடைத்தாற்போல் ஒரு சிவப்புச் சுவர் எழுப்பி, 1934இல் ஹிட்லர் பியெனாலேவுக்கு வந்தபோது எடுத்த படத்தை ஹாக்கே அதில் மாட்டினார். வாசலுக்கு மேலே நாஜிக் கழுகுச் சின்னம் இருந்த இடத்தில், 1990 என்று ஆண்டு பொறித்த ஒரு மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) நாணயத்தின் பெரிய பிளாஸ்டிக் நகலை வைத்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் தரை முழுவதும் உடைந்த பலகைகள். எதிர்ச் சுவரில் ‘ஜெர்மானியா’ என்று ஒரே சொல். நடந்தால் கல் ஆடும், சத்தம் வெறும் மண்டபத்தில் எதிரொலிக்கும், கால் எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். நான் அந்த வருடம் அங்கே இல்லை. படங்களும் காணொளிகளும் போய்வந்தவர்கள் சொன்னதும்தான் எனக்குத் தெரியும். ஆனால் படம் காட்டாத ஒன்று இதில் இருக்கிறது. அங்கே நிமிர்ந்து நடக்க முடியாது. பெருமிதத்துக்காகக் கட்டிய அறையில் எல்லோரும் தடுமாறித்தான் நடந்தார்கள்.

இதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துவிடுகிறேன். ஹாக்கே உடைத்தது 1938இன் தரை என்பதும், வாசலில் 1990இன் காசு இருந்தது என்பதும் உறுதி. ‘பழைய பெருமிதம் பணத்தோடு சேர்ந்து திரும்பி வருகிறது’ என்று அதை வாசிப்பது நியாயமான வாசிப்பு. ‘சோலிங்கனுக்குப் பதில்’ என்று சிலர் எழுதுவது மிகை. இப்படி ஒரு வேலையைத் திட்டமிட்டு, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் செய்துவிட முடியாது. சோலிங்கன் வந்து அதன் மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த அரங்குக்கு அந்த வருடத்தின் தங்கச் சிங்கம் பரிசு, பியெனாலேவின் உயர்ந்த பரிசு, கிடைத்தது. தன் தரையைத் தானே உடைக்க இடம் கொடுத்த நாடு என்ற நல்ல பெயர் ஜெர்மனிக்கு. சுயவிமர்சனத்தையும் ஏற்றுமதிச் சரக்காக்கத் தெரிந்த நாடு அது. உங்கள் சந்தேகம் முழுப் பலத்தோடு பொருந்துவது இங்கேதான். வந்தவர்கள் கலை ரசிகர்கள், பாராட்டியவர்கள் கலைத் துறையினர், புகலிடச் சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. இதற்கு முந்தைய டிசம்பரில் மியூனிக் நகரத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் மெழுகுவத்தி ஏந்தித் தெருவில் நின்றதையும் இப்படித்தான் பார்க்கிறேன். அந்த மனிதர்கள் பொய்யானவர்கள் இல்லை. ஆனால் ‘நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல’ என்று ஒரு நாடு தனக்கே சொல்லிக்கொண்ட இரவு அது. ஆறு மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டது.

ஹாக்கேயின் பிந்தைய வேலை ஒன்றைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். உலகத்துக்கு அது அவ்வளவாகத் தெரியாது. பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்பில் ‘ஜெர்மன் மக்களுக்கு’ என்று 1916இல் வெண்கல எழுத்தில் பதித்தார்கள். அந்த எழுத்துகளை வார்த்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் வார்ப்பாலை. அந்தக் குடும்பத்தில் சிலரைப் பின்னர் நாஜிகள் கொன்றார்கள். ‘மக்கள்’ என்று அங்கே எழுதியிருக்கும் ‘ஃபோல்க்’ என்ற சொல், அந்த நாட்டில் இரத்த உறவோடு சேர்த்தே நீண்டகாலம் புரிந்துகொள்ளப்பட்டது. 1913இன் குடியுரிமைச் சட்டமும் பெற்றோர் யார் என்றுதான் பார்த்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த துருக்கியத் தொழிலாளியின் பிள்ளை வெளிநாட்டவராகவே இருந்தது இதனால்தான். பிறந்த இடத்தையும் கணக்கில் எடுக்கும் திருத்தம் 2000 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த நேரத்தில் ஹாக்கே கொடுத்த யோசனை இது: கட்டடத்தின் வடக்கு முற்றத்தில், ஏறக்குறைய 21 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மண் தொட்டி. அதில், முகப்பில் உள்ள அதே எழுத்து வடிவத்தில், ‘இங்கே வசிப்பவர்களுக்கு’ என்று ஒளிரும் எழுத்துகள். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதியிலிருந்து 50 கிலோ மண் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதில் எது முளைத்தாலும் யாரும் களை எடுக்கக் கூடாது.

இதற்காக நாடாளுமன்றம் ஒரு விவாதமே நடத்தியது. அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றார்கள். மண்ணைக் கொண்டுவருவது நாஜிகளின் ‘இரத்தமும் மண்ணும்’ கோஷத்தை நினைவூட்டுகிறது என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது ஆட்சேபத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது; எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. எதிர்ப்பும் ஆதரவும் கட்சி வரிசைப்படி பிரியவில்லை. பசுமைக் கட்சியின் ஆன்ட்யே ஃபோல்மர் எதிர்த்தார், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ரீட்டா ஸ்யூஸ்முத் ஆதரித்தார். 2000 ஏப்ரல் 5 அன்று வாக்கெடுப்பு: 260 ஆதரவு, 258 எதிர்ப்பு, 31 பேர் நடுநிலை. இரண்டு வாக்கில் தப்பியது. வெனிஸில் பார்வையாளர் தடுமாறினார். இங்கே ஒவ்வொரு உறுப்பினரும் ‘யாருக்காக நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்’ என்பதற்கு வாக்களித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாக்குரிமை இல்லாமல் தன் தொகுதியில் வாழ்கிறவருக்கும் தான் பொறுப்பா என்ற கேள்வி அது. மண் கொண்டுவர மறுத்தவர்களும் உண்டு. மறுப்பதும் ஒரு பதில், அது பதிவாகிறது. கண்காட்சிக்கு வராதவர்களிடம் கலை எப்படிப் போகும் என்று கேட்டீர்களே, அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். வர வேண்டியவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறாரோ, வேலையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவது.

எங்கே வைக்கிறோம் என்பதைப் போலவே எதை வைக்கிறோம் என்பதிலும் தப்பு நடக்கும். லிஷ்டன்ஹாகன் சம்பவத்தின் இருபதாம் ஆண்டில், 2012 ஆகஸ்ட்டில், சூரியகாந்திக் கட்டடத்தின் முன்னால் ‘அமைதி மரம்’ என்று ஓர் ஓக் மரத்தை நட்டார்கள். குடியரசுத் தலைவரே வந்திருந்தார். சில நாளுக்குள் இரவோடு இரவாக யாரோ அதை ரம்பம் போட்டு அறுத்துவிட்டார்கள். நவநாஜிகளின் வேலை என்றுதான் முதலில் தோன்றும். பொறுப்பேற்றதோ ஓர் இடதுசாரிக் குழு. ஓக் ஜெர்மன் தேசியத்தின் பழைய சின்னம். வெளிநாட்டவரை எரிக்கப் பார்த்த இடத்தில் அதையே நட்டது அவமதிப்பு என்பது அவர்கள் வாதம். மரத்தை அறுத்ததை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் வாதம் சரி. நல்லெண்ணத்தில் நட்டவர்களுக்கு அது உறைக்கவே இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பான்மைச் சமூகம் தன் நினைவுச்சின்னத்தைத் தானே தேர்ந்தெடுக்கும்போது கை தானாகவே பழைய பெட்டிக்குள் போகிறது.

இருபத்தைந்தாம் ஆண்டில் ரோஸ்டாக் கொஞ்சம் தேறியது. ஒரே இடத்தில் ஒரு சின்னம் என்பதை விட்டு, நகரத்தின் வெவ்வேறு இடங்களில் வெள்ளைப் பளிங்குக் கற்களை நிறுவினார்கள். ஒன்று அந்தக் கட்டடத்தருகே. மற்றவை நகரமன்றத்தின் முன், போலீஸ் அலுவலகத்தின் முன், உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தின் முன், பழைய இளைஞர் மையம் இருந்த இடத்தில். அரசியல், அரச அதிகாரம், ஊடகம், சமூகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அடுத்த வருடம் தாக்கப்பட்டவர்களை முன்னிட்டு ஆறாவது கல் சேர்ந்தது. அவர்கள் கடைசியாக நினைவுக்கு வந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பார்ப்பதற்கு அந்தக் கற்கள் சுமார்தான். என்னிடம் வந்த குழுக்களில் யாருக்கும் அவற்றின் படம் பிடித்ததில்லை. ஆனால் பழியை முகவரி போட்டு ஒவ்வொரு வாசலிலும் இறக்கி வைத்த யோசனை நல்ல யோசனை. தினம் வேலைக்குப் போகிற போலீஸ்காரரும் பத்திரிகைக்காரரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் உண்டு: விஷத்தை விஷமாகவே காட்டுவது. 2000 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சி கூட்டணி ஆட்சியில் சேர்ந்தது. ஜூனில், வியன்னா விழாவுக்காக, ஜெர்மன் இயக்குநர் கிறிஸ்டோஃப் ஷ்லிங்கன்ஸீஃப் நகரத்தின் ஓபெரா மாளிகைப் பக்கத்தில் கன்டெய்னர்களை இறக்கினார். மேலே ‘வெளிநாட்டவரே வெளியேறு’ என்று பெரிய பலகை. உள்ளே புகலிடம் கோருவோர் என்று அறிவிக்கப்பட்ட பன்னிரண்டு பேர், கேமரா கண்காணிப்பில். அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த பிக் பிரதர் நிகழ்ச்சியைப் போல, தினமும் இரண்டு பேரை வெளியேற்றப் பொதுமக்கள் தொலைபேசியிலும் இணையத்திலும் வாக்களிக்கலாம். வெளியேறுவோர் நாடு கடத்தப்படுவார்கள் என்று அறிவிப்பு. ஊர் கொதித்தது. ‘எங்கள் நாட்டை அசிங்கப்படுத்துகிறான்’ என்று ஒரு பக்கம், ‘இனவெறியைப் பரப்புகிறான்’ என்று இன்னொரு பக்கம். அரசை எதிர்த்து ஊர்வலம் வந்த இடதுசாரிகள் கன்டெய்னர் மேல் ஏறிப் பலகையைச் சிதைத்து, உள்ளே இருந்தவர்களை ‘விடுவிக்க’ முயன்றார்கள். பலகை போனதும் வியன்னா மறுபடி அழகான ஊராகிவிட்டது, ஆட்சியில் அதே கட்சி இருந்தது. இந்த முரணை வெளியே இழுத்துப்போட்டதுதான் அதன் சாமர்த்தியம். ஆனால் எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. உள்ளே இருந்த மனிதர்கள் விக் வைத்து, வேஷம் போட்டு, வேறொருவரின் வாதத்துக்குப் பொருளாக உட்கார்ந்திருந்தார்கள். பேசியதெல்லாம் இயக்குநரும் ஊராரும்.

கடைசியாக, ஜெர்மனியின் காஸல் நகரம். இதைத்தான் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2000 முதல் 2006 வரை ஜெர்மனியின் பல நகரங்களில் ஒரே துப்பாக்கியால் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கியப் பின்னணி, ஒருவர் கிரேக்கர். போலீஸ் குடும்பங்களையே நோண்டியது: கடனா, போதைப்பொருளா, குடும்பப் பகையா? பத்திரிகைகள் ‘டோனர் கொலைகள்’ என்று பெயர் வைத்தன. ஒன்பது மனிதர்களின் சாவுக்கு ஒரு தெருவோரச் சாப்பாட்டின் பெயர். ஒன்பதாமவர் ஹாலித் யோஸ்காத், 21 வயது. 2006 ஏப்ரல் 6 அன்று காஸலில் தன் இன்டர்நெட் கடையில் சுடப்பட்டார். அடுத்த மாதமே குடும்பங்கள் காஸலில் ஊர்வலம் போனார்கள். பதாகையில் ‘பத்தாவது பலி வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. யார் கொல்கிறார்கள், யாரைக் கொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசு கேட்கவில்லை. 2007இல் ஒரு போலீஸ் பெண் பத்தாவதாகக் கொல்லப்பட்டார். செய்தது ‘தேசிய சோஷலிசத் தலைமறைவு’ என்ற நவநாஜிக் குழு என்பது 2011 நவம்பரில்தான், அதுவும் அவர்களாகவே அம்பலமானபோதுதான், வெளியே வந்தது.

காஸல் கொலை நடந்த நேரத்தில் மாநில உளவுத் துறை அதிகாரி ஒருவர் அந்தக் கடையில் இருந்தார். எதையும் கேட்கவில்லை, பார்க்கவில்லை, ஒரு வாடையும் தெரியவில்லை என்றார். அவர் மேலிருந்த விசாரணை 2007இல் கைவிடப்பட்டது. 2013இல், அந்த நவநாஜிக் குழு மேல் மியூனிக்கில் நடந்த வழக்கில் ஹாலித்தின் அப்பா இஸ்மாயில் யோஸ்காத் சாட்சி சொல்ல வந்தபோது, மகன் எப்படிக் கிடந்தான் என்று காட்ட நீதிமன்றத் தரையிலேயே படுத்துக் காட்டினார். இதை நான் கலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பின்னால் கலைஞர்கள் செய்ததன் வேர் இங்கே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களும் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து நடத்திய மக்கள் தீர்ப்பாயம் கேட்டுக்கொண்டதன் பேரில், சம்பவ இடத்தை அளந்து மாதிரி கட்டிக் குற்றங்களை ஆராயும் லண்டனின் ‘ஃபோரென்சிக் ஆர்க்கிடெக்சர்’ குழு அந்த 77 சதுர மீட்டர்க் கடையை 2017இல் பெர்லினில் முழு அளவில் மறுபடி கட்டியது. வெளியே கசிந்திருந்த போலீஸ் காணொளியில் அந்த அதிகாரி தன் நடமாட்டத்தை நடித்துக் காட்டியிருந்தார். கணினிகளின் உள்நுழைவு நேரம், தொலைபேசிப் பதிவு, சத்தம் பரவும் அளவு, வெடிமருந்து வாடை பரவும் வேகம், நிற்பவரின் கண் உயரம் எல்லாவற்றையும் 9 நிமிடம் 26 வினாடிக்குள் பொருத்திப் பார்த்தார்கள். சுட்ட நேரத்தில் அவர் உள்ளே இருந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும், வாடை எட்டியிருக்கும், மேஜைக்குப் பின்னால் கிடந்த உடலும் கண்ணில் பட்டிருக்கும் என்பது அவர்கள் முடிவு.

அந்த வேலை 2017இல் காஸலிலேயே, அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் டாகுமெண்டா கலைக் கண்காட்சியில் காணொளியாகக் காட்டப்பட்டது. டாகுமெண்டாவுக்கு லட்சக்கணக்கில் ஆள் வருவார்கள். அதே நேரத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் விசாரணைக் குழு நடந்துகொண்டிருந்தது. இந்த ஆய்வும் அந்தச் சர்ச்சைக்குள் வந்தது. ‘இது கலைதானே, ஆதாரம் இல்லையே’ என்று ஒதுக்கப் பார்த்தவர்களும் உண்டு. கலை என்ற பெயருக்கு இரண்டு பக்கமும் கூர் இருப்பதை இங்கே பார்க்கலாம்: கண்காட்சி என்பதால் இடமும் பணமும் பார்வையாளர்களும் கிடைத்தார்கள், கண்காட்சி என்பதாலேயே தட்டிக்கழிக்கவும் முடிந்தது. இதை வைத்து யார் மேலும் புதிய வழக்கு வரவில்லை. அந்த மாநில உளவுத் துறையின் உள் அறிக்கை முதலில் 120 வருடத்துக்கு ரகசியம் என்று பூட்டப்பட்டு, பிறகு 30 வருடமாகக் குறைக்கப்பட்டது. 2022இல் கசிந்து வெளியானது. இதற்கெல்லாம் அந்தக் கலைப்படைப்புதான் காரணம் என்று சொன்னால் பொய். குடும்பங்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் என்று பலரின் வருடக்கணக்கான உழைப்பு அது. அந்த உழைப்பில் இந்த வேலைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுவரை சொல்லலாம்.

அதே டாகுமெண்டாவில், நைஜீரியாவில் பிறந்த ஓலு ஒகுயிபே 16 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் தூண் நிறுத்தினார். ‘நான் அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்’ என்ற மத்தேயு நற்செய்தியின் வரி, ஜெர்மன், ஆங்கிலம், அரபு, துருக்கி நான்கிலும் தங்க எழுத்தில். குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சியின் நகரமன்ற உறுப்பினர் ஒருவர் அதை ‘உருச்சிதைந்த கலை’ என்றார். 1937இல் நாஜிகள் நவீன ஓவியங்களைக் கேலிக்கு வைத்த கண்காட்சியின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் சொல் அது. நகரத்துக்கும் கலைஞருக்கும் இடம் பற்றித் தகராறு இழுத்து, 2018 அக்டோபர் 3, ஜெர்மன் ஒற்றுமை நாள் அன்று, தூணைக் கழற்றி எடுத்தார்கள். அடுத்த வருடம் வேறு தெருவில் மறுபடி நிறுத்தினார்கள். தூணாகப் பார்த்தால் எனக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. ஊரின் மையச் சதுக்கத்தில் அரபு எழுத்து நிரந்தரமாக நிற்கலாமா என்று ஒரு நகரமன்றத்தை இரண்டு வருடம் பேசவைத்தது, அதுதான் வேலை.

எல்லாமே இப்படி நியாயமாக முடிவதில்லை. ‘அரசியல் அழகுக்கான மையம்’ என்ற பெர்லின் குழு, பெர்லினின் யூத இனப்படுகொலை நினைவிடத்தை ‘அவமானச் சின்னம்’ என்று பேசிய ஏஎஃப்டி தலைவர் ஒருவர் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில், 2017இல் அதே நினைவிடத்தின் 24 கற்களை நட்டது. கூர்மையான கிண்டல். அதே குழு 2019இல், படுகொலை செய்யப்பட்டவர்களின் சாம்பல் என்று சொல்லி ஒரு தூணை நாடாளுமன்றத்துக்கு அருகில் வைத்தபோது யூத அமைப்புகள் கொதித்தெழுந்தன. குழு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. செத்தவர்களைக் கலைப்பொருளாக்கும்போது யாரிடம் அனுமதி கேட்டோம் என்பதுதான் இந்தத் துறையில் நான் முதலில் பார்ப்பது. கூர்மை அப்புறம்.

உங்கள் சந்தேகத்தின் மறுபாதிக்கு என்னிடம் ஆறுதல் இல்லை. இத்தனை கலைக்கும் நடுவில் 2019இல் காஸல் பகுதியின் அரசு நிர்வாகி வால்டர் லுப்கே, அகதிகளுக்கு ஆதரவாகப் பேசியதற்காக, ஒரு வலதுசாரித் தீவிரவாதியால் தன் வீட்டு முற்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 பிப்ரவரியில் ஹானாவ் நகரத்தில் இனவெறியன் ஒருவன் ஒன்பது பேரைக் கொன்றான். 2025 தேர்தலில் ஏஎஃப்டி 20.8 சதவீத வாக்கு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. கலை இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்குமா என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஹானாவில் மாறியது ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். கொன்றவன் பெயரை விட்டுவிட்டு, கொல்லப்பட்ட ஒன்பது பேரின் பெயரையும் முகத்தையும் குடும்பங்களும் நண்பர்களும் ஊர் ஊராகச் சுவரொட்டியாகவும் சுவரோவியமாகவும் கொண்டுபோனார்கள். ‘டோனர் கொலைகள்’ என்று எழுதிய பத்திரிகைகளால் இந்த முறை அப்படி எழுத முடியவில்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் வெனிஸ் தரையை விடுங்கள், காஸல் காணொளியைப் பாருங்கள். ஃபோரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழுவின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதற்கு முன்னால் 2006 மே ஊர்வலப் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டால், அந்தக் காணொளி யாருக்காக எடுக்கப்பட்டது என்பது நான் சொல்லாமலே தெரிந்துவிடும்.